படகின் டீசல் ஹீட்டர் நின்றுபோனால்: அறிகுறிகளைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

இங்கிலாந்தின் கிராண்ட் யூனியன் கால்வாயில், 30 அடி நீளமும் 7 அடிக்குச் சற்றுக் குறைவான அகலமும் கொண்ட ஒரு நாரோபோட்டில், அதாவது குறுகிய கால்வாய்ப் படகில், நான் வசித்துவருகிறேன். எஃகு உடல் கொண்ட படகு என்பதால், ஜனவரி மாதத்தில் ஹீட்டர் நின்று இரண்டு மணி நேரம் ஆனாலே சன்னல் சட்டங்களின் உட்புறம் நீர் கோத்து வழியத் தொடங்கிவிடும். விடிவதற்குள் போர்வையின் ஓரமும் ஈரமாகிவிடும். இந்தக் குறிப்பு, 12 வோல்ட் பேட்டரியில் இயங்கி, டீசலை எரித்து, சூடான காற்றைக் குழாய் வழியாக அறைக்குள் ஊதும் சிறிய ஹீட்டர்களைப் பற்றியது. வெபாஸ்டோ, எபர்ஸ்பாக்கர் ஆகிய ஜெர்மானியத் தயாரிப்புகளும், அவற்றை ஒத்த விலை மலிவான சீனத் தயாரிப்புகளும் ஒரே முறையில்தான் வேலை செய்கின்றன. டீசல் சொட்டுச்சொட்டாக விழுந்து எரியும் அடுப்பு வகை ஹீட்டர்களுக்கு இது பொருந்தாது.

நெடுந்தூர லாரிகளில் ஓட்டுநர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு உறங்குவதற்கென்று பரவலான இந்தக் கருவியைப் படகில் பொருத்தும்போது, லாரியில் இல்லாத மூன்று தொல்லைகள் வந்து சேர்கின்றன: நீண்ட வயர், நீண்ட டீசல் குழாய், எங்கும் நிறைந்த ஈரம். என் கையால் சரிசெய்த பழுதுகளில் பெரும்பாலானவை ஹீட்டர் பெட்டிக்கு வெளியேதான் இருந்தன. ஆகவே பெட்டியைக் கழற்றுவது கடைசி வேலையாக இருக்கட்டும். கடிகாரத்தையும், மின்னழுத்தமும் மின்தடையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு, ஹீட்டர் எந்த நிமிடத்தில் தோற்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அதற்கு, நல்ல நிலையில் உள்ள ஹீட்டர் எப்படித் தொடங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் மெதுவாகச் சுழலும். அதே சமயம் எரிகலனுக்குள் இருக்கும் க்ளோ பிளக் சிவக்கச் சூடாகும். இந்த நேரத்தில் ஹீட்டர் 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து டீசல் பம்ப் டிக், டிக் என்று அடிக்கத் தொடங்கும். பம்ப் அனுப்பும் டீசல், க்ளோ பிளக்கைச் சுற்றியுள்ள நுண்ணிய கம்பிவலையில் பரவி, ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். தீ பற்றியதை வெப்ப உணரி உறுதிசெய்தவுடன் க்ளோ பிளக் அணைந்து, ஃபேன் வேகமெடுத்து, மின்சாரத் தேவை 1 முதல் 3 ஆம்பியருக்கு இறங்கிவிடும். எல்லாம் சேர்ந்து மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். பற்றாவிட்டால் ஹீட்டர் தானாகவே இன்னொரு முறை முயன்று பார்த்து, அதுவும் பலிக்காவிட்டால் ஒரு பிழைக் குறியைக் காட்டி நின்றுவிடும். பிழை எண்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுபடுவதால் அவற்றை உங்கள் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். மேலும், தீப்பற்றவில்லை என்ற குறி ஏன் பற்றவில்லை என்பதைச் சொல்வதில்லை.

கருவியைத் தொடுவதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். ஓடிக்கொண்டிருக்கும் ஹீட்டரை ஒருபோதும் பேட்டரி சுவிட்சை அணைத்து நிறுத்தக் கூடாது. நிறுத்தச் சொன்ன பிறகும் சில நிமிடங்கள் ஃபேன் சுழன்று எரிகலனைக் குளிர்வித்தாக வேண்டும், இல்லையேல் தேங்கிய சூடு உள்ளிருக்கும் உணரிகளையும் மின்பலகையையும் கெடுத்துவிடும். இரண்டாவது, புகையில் கலந்திருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் கண்டறியும் அலாரம் இல்லாத படகில் ஹீட்டரைச் சோதிக்கவே கூடாது. 2013 ஏப்ரல் 1 அன்று விண்டர்மியர் ஏரியில் ஆர்னிஸ்டன் என்ற படகில் ஒரு தாயும் மகளும் இறந்ததற்கு ஹீட்டர் காரணமன்று, ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரின் புகைக்குழாய் கழன்றதே காரணம். ஆனால் கழன்ற குழாய்க்கு எந்தக் கருவியின் புகை என்ற பேதம் கிடையாது. பிரிட்டனின் உள்நாட்டு நீர்வழிகளில் 2019 ஏப்ரல் முதல், தங்கும் அறையுள்ள படகுகளுக்கு இந்த அலாரத்தைப் போட் சேஃப்டி ஸ்கீம் என்ற படகுப் பாதுகாப்புத் திட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. வாங்கும்போது ஈஎன் 50291-2 என்ற தர எண் உள்ளதா என்று பாருங்கள். படகு, கேரவன் போன்றவற்றுக்கான பகுதி அதுதான்.

சுவிட்சைப் போட்டும் எந்த அசைவும் இல்லை

முதலில் ஃப்யூஸ். அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்ப்பதோடு நிற்காமல், ஃப்யூஸ் அமரும் கவ்விகளையும் பாருங்கள். ஈரத்தில் பச்சை பூத்தோ, சூட்டில் உருகிப் பழுப்பேறியோ இருந்தால், புதிய ஃப்யூஸ் போட்டும் பயனில்லை. அடுத்து, கட்டுப்பாட்டுப் பலகைக்குச் செல்லும் வயரின் இணைப்பான். சீனத் தயாரிப்புகளில் இந்த இணைப்பானுக்கு ஈரத்தடுப்பு போதாது, எஞ்சின் அறையின் நீராவி அதில் எளிதாகப் புகுந்துவிடும். கழற்றித் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் தெளித்துத் திரும்பப் பொருத்தினாலே பல நேரம் உயிர் வந்துவிடும்.

ஃபேன் சுழல்கிறது, ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது

படகுகளில் மிக அதிகமாகக் காணப்படும் அறிகுறி இதுதான், மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பம்ப் அடிக்கத் தொடங்கும் முன்பே, அல்லது தொடங்கிய சற்று நேரத்தில் ஹீட்டர் நின்றால், மின்னழுத்தக் குறைவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏறக்குறைய 10.5 வோல்ட்டுக்குக் கீழே அழுத்தம் இறங்கியவுடன் ஹீட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். பேட்டரி முனையில் 12.3 வோல்ட் காட்டுகிறதே என்று பலர் வாதிடுவார்கள். ஹீட்டருக்கு முக்கியம் பேட்டரி முனையில் உள்ள அழுத்தமன்று, க்ளோ பிளக் 10 ஆம்பியர் இழுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் தன் இணைப்பானுக்கு வந்து சேரும் அழுத்தம்.

கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஹீட்டர் பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருந்தால், மின்சாரம் போக 5, திரும்பி வர 5, ஆக 10 மீட்டர் செம்பு. வயரின் குறுக்குப் பரப்பு 2.5 சதுர மி.மீ. என்றால் அந்தப் பத்து மீட்டரின் மின்தடை சுமார் 0.07 ஓம், 10 ஆம்பியர் ஓடும்போது 0.7 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். அதே இடத்தில் 6 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குச் சுருங்கிவிடும். பாதி தீர்ந்த ஈயப் பேட்டரி 12.2 வோல்ட்டில் இருக்கும். விடிகாலைக் குளிரில், 10 ஆம்பியர் சுமை ஏறும்போது அதுவே 11.7க்கு இறங்கக்கூடும், அதிலிருந்து 0.7 கழித்தால் 11. இன்னும் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தால் போதும், ஹீட்டர் எழாது.

சோதனைக்கு மீட்டரை இப்படிப் பயன்படுத்த வேண்டும். ஹீட்டரைத் தொடங்கச் செய்து, க்ளோ பிளக் சூடாகிக்கொண்டிருக்கும்போதே மூன்று அளவுகளை எடுங்கள்: பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே; பேட்டரி பாசிட்டிவுக்கும் ஹீட்டர் இணைப்பானின் பாசிட்டிவுக்கும் இடையே; பேட்டரி நெகட்டிவுக்கும் ஹீட்டரின் நெகட்டிவுக்கும் இடையே. பின்னிரண்டும் வழியில் தொலையும் அழுத்தத்தை நேரடியாகக் காட்டிவிடும்.

என் படகில் மூன்றாவது குளிர்காலத்தில், ஹீட்டர் மாலையில் ஒழுங்காகத் தொடங்கும், காலையில் மறுக்கும். கழற்றி ஒரு பணிமனைக்கு அனுப்பினேன். அவர்கள் மின்பலகையை மாற்றி, ஹீட்டரின் விலையில் பாதிக்கு ஒரு ரசீதையும் சேர்த்து அனுப்பினார்கள். பொருத்திய மறுநாள் காலை அதே கதை. அப்போதுதான் மீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.1, ஹீட்டரில் 10.4. பாசிட்டிவ் பக்கம் தொலைந்தது 0.5, நெகட்டிவ் பக்கம் 1.2. நெகட்டிவ் வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். படிக்கட்டின் அடியில், மரப்பலகைக்குப் பின்னால், முந்தைய உரிமையாளர் ஒட்டுப்போட்டிருந்த இடத்தில் வயர் சூடாக இருந்தது. வயர்களை நசுக்கி இணைக்கும் நீலநிறக் கிரிம்ப் ஒன்று. இழுத்தவுடன் கையோடு வந்துவிட்டது, உள்ளே செம்பு பச்சைப் பொடியாக இருந்தது. மாலையில் தொடங்கியதற்குக் காரணம், பகலெல்லாம் படகை ஓட்டியதால் பேட்டரியில் கூடுதல் தெம்பு இருந்தது, அவ்வளவே.

எஞ்சின் ஓடும்போது ஹீட்டர் தொடங்குகிறது, எஞ்சினை நிறுத்தியபின் தொடங்கவில்லை என்றால், மீட்டர் இல்லாமலேயே மின்னழுத்தக் குறைவு என்று முடிவுகட்டலாம். எஞ்சினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் தரும் 14 வோல்ட் எல்லாக் குறைகளையும் மூடி மறைக்கிறது. ஹீட்டரின் இரு வயர்களையும், இடையில் வேறெந்தக் கருவியையும் சேர்க்காமல், சொந்த ஃப்யூஸுடன் பேட்டரியிலிருந்து நேராக இழுப்பது ஒரு நாள் வேலைதான். இந்தப் பழுது அதன்பின் பேட்டரியே கிழடாகும்வரை திரும்பாது.

பம்ப் அடிக்கிறது, புகையும் இல்லை, சூடும் இல்லை

புகைக்குழாயின் வெளிமுனையில் வாடையோ புகையோ எதுவுமே வரவில்லை என்றால், எரிகலனுக்கு டீசல் போய்ச் சேரவில்லை. பம்ப் அடிக்கிறதே என்று ஏமாறக் கூடாது. வெறும் காற்றை வைத்துக்கொண்டும் அது டிக் டிக் என்று அடிக்கும். சத்தத்தில் வேறுபாடு உண்டு: டீசல் நிறைந்த பம்ப் அழுத்தமாக, மந்தமாக அடிக்கும், காற்றை அடிக்கும் பம்ப் கூர்மையாக, வெறுமையாக ஒலிக்கும். பழகிய காதுக்கு இது போதும், பழகாதவர்கள் குழாயைப் பார்க்கலாம்.

குழாய் ஒளி ஊடுருவும் நைலானாக இருந்தால், பம்புக்கும் ஹீட்டருக்கும் இடையே ஒரு டார்ச்சைப் பின்னால் பிடித்துக்கொண்டு பம்ப் அடிக்கும்போது கவனியுங்கள். ஒவ்வோர் அடிக்கும் டீசல் ஒரு சிறு தாவலாக முன்னேற வேண்டும். கடுகளவுக் குமிழி எப்போதாவது ஒன்று போனால் பரவாயில்லை. விரற்கடை நீளமுள்ள காற்றுத் துண்டுகள் அடுத்தடுத்து நகர்ந்தால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். டீசல் முன்னே தாவி, அப்படியே பின்னுக்கு வருமானால் குழாய் மிக மென்மையானது. பம்பின் துடிப்பைக் குழாயின் சுவரே விழுங்கிவிடுகிறது. மலிவான ஹீட்டர்களோடு வரும் பச்சைநிறக் குழாயின் குறை இதுதான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, 2 மி.மீ. உள்விட்டம் கொண்ட விறைப்பான நைலான் குழாய் போடுவது என் பரிந்துரை.

காற்று உறிஞ்சும் இடங்கள் பெரும்பாலும் இணைப்புகளே. இரண்டு நைலான் குழாய்களை ஒரு ரப்பர் துண்டால் இணைக்கும்போது, ரப்பருக்குள்ளே அவற்றின் முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்; இடைவெளி விட்டால் அந்த அறையில் காற்று சேர்ந்து, திடீரென்று ஒரு பெரிய குமிழியாக ஹீட்டருக்குப் போகும். குழாயைக் கட்டிங் பிளையரால் வெட்டக் கூடாது. அது முனையை நசுக்கி, 2 மி.மீ. துவாரத்தை ஒரு கீற்றாக்கிவிடும். கூரிய பிளேடைக் குழாய்க்கு நேர்க்குத்தாக வைத்து, உருட்டி வெட்ட வேண்டும். திருகாணி வைத்த பெரிய கிளிப்புகள் இவ்வளவு சிறிய ரப்பரைச் சீராக இறுக்குவதில்லை, ஒரு பக்கம் மடித்துவிடும். பெட்ரோல் குழாய்களுக்கென்று விற்கப்படும் சிறு கிளிப்புகளே ஏற்றவை.

பம்ப் எப்படிப் படுத்திருக்கிறது என்பதும் முக்கியம். அது டேங்குக்கு அருகில் இருக்க வேண்டும், ஏனெனில் இந்தப் பம்புகளுக்கு இழுப்பதைவிடத் தள்ளுவது எளிது. வெளியேறும் முனை மேல்நோக்கி, 15 முதல் 35 பாகை சாய்வில் இருந்தால் உள்ளே வரும் குமிழிகள் தாமாக ஏறி வெளியேறிவிடும். கிடைமட்டமாகப் படுத்திருந்தால் அவை பம்புக்குள்ளேயே தங்கிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்து சந்தேகம் தீரவில்லை என்றால், அளந்து பார்க்க வேண்டும். ஹீட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, குழந்தைகளுக்கு மருந்து ஊற்றும் அளவுக் குப்பிக்குள் விடுங்கள். பல சீன ஹீட்டர்களின் பம்பில் 22 மி.லி. என்று பொறித்திருக்கும், ஆயிரம் அடிக்கு அவ்வளவு டீசல் என்பது அதன் பொருள். நொடிக்கு இரண்டு அடி என்ற கணக்கில் ஒரு நிமிடத்தில் 120 அடி, ஆக 2.6 மி.லி. விழ வேண்டும். பாதிகூட விழவில்லை என்றால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, இல்லையேல் பம்ப் தேய்ந்திருக்கிறது. ஃபில்டரை மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பம்பை வாங்குவது அதற்கப்புறம். கோடையில் நிரப்பிய டீசல் கடும் உறைபனியில் மெழுகாகத் திரண்டு ஃபில்டரை அடைப்பதும் உண்டு. டேங்கைக் குளிர்காலத்துக்கு முன் புதிய டீசலால் நிரப்பிவைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பம்ப் சத்தமே வரவில்லை

ஹீட்டர் பம்புக்கு மின்சாரம் அனுப்புகிறதா என்பதை அதன் இணைப்பானைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். மின்துடிப்பு வந்தும் பம்ப் அடிக்கவில்லை என்றால், மாதக்கணக்கில் ஓடாமல் இருந்ததால் உள்ளிருக்கும் பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டினால் சில சமயம் விடுபடும். அப்படி விடுபட்ட பம்பை நம்பிப் பனிக்காலத்தைக் கழிக்க வேண்டாம்.

வெள்ளைப் புகை கிளம்புகிறது, ஆனால் பற்றுவதில்லை

வெள்ளைப் புகை எரியாத டீசலின் ஆவி. டீசல் வந்து சேர்ந்துவிட்டது, பற்றவைக்கப் போதிய சூடில்லை என்று அது சொல்கிறது. இங்கே ஒரு கட்டுப்பாடு வேண்டும்: இரண்டு முயற்சிக்கு மேல் மீண்டும் மீண்டும் சுவிட்சைப் போடாதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் எரிகலனில் இன்னும் கொஞ்சம் டீசலைத் தேக்கும். ஒருவழியாகப் பற்றும்போது தேங்கியதெல்லாம் சேர்ந்து எரிந்து, கால்வாய் முழுக்கப் புகை மூட்டம் போட்டு, ஹீட்டர் உறுமும். அப்படி ஆகிவிட்டால் அணைக்காமல், பக்கத்திலேயே நின்று, தேங்கிய டீசல் எரிந்து தீரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த அறிகுறிக்கு முதல் காரணம் மறுபடியும் குறைந்த மின்னழுத்தமே, ஏனெனில் அரைச் சூட்டில் நிற்கும் க்ளோ பிளக்கால் டீசலை ஆவியாக்க முடியும், கொளுத்த முடியாது. அழுத்தம் சரியென்றால் க்ளோ பிளக்கின் மின்தடையை அளந்து பாருங்கள். நல்ல பிளக் ஓர் ஓமை ஒட்டியோ அதற்குக் கீழேயோ காட்டும். மீட்டரின் கம்பிகளை ஒன்றோடொன்று தொடவைத்து வரும் அளவை அதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் இவ்வளவு சிறிய எண்ணில் கம்பியின் தடையே பாதியாக இருக்கும். முடிவிலி காட்டினால் பிளக் அறுந்துவிட்டது.

பிளக் நன்றாக இருந்தால், அது அமரும் குழிக்குள் இருக்கும் கம்பிவலையை இடுக்கியால் மெல்ல உருவிப் பாருங்கள். சுண்டுவிரல் நுனியில் மாட்டும் தொப்பி போன்ற அந்த வலைதான் டீசலைப் பரப்புகிறது. கரி அடைத்த வலை கறுத்து, தொட்டால் உடையும் பொருக்காக இருக்கும். அதைச் சுத்தம் செய்து திரும்பப் போடுவதைவிடப் புதிதாக வாங்கிவிடுவது நல்லது, விலை அற்பம். புதியதைப் போடும்போது வலையில் உள்ள வெட்டு, குழிக்குள் இருக்கும் சிறு காற்றுத் துளைக்கு நேராக அமர வேண்டும். அந்தத் துளையிலும் கரி இருக்கும். மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

எரிந்துகொண்டிருந்தது திடீரென்று அணைகிறது

எப்போது அணைகிறது என்பதை ஒரு தாளில் குறித்துவைப்பதைவிட இதற்குச் சிறந்த கருவி இல்லை. டேங்கில் டீசல் கால்பங்குக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் அணைகிறது என்றால், பெரும்பாலும் பழுதே இல்லை. ஹீட்டருக்கான உறிஞ்சுகுழாயை வேண்டுமென்றே டேங்கின் அடிவரை விடாமல் பொருத்துவார்கள்: அடியில் தங்கும் நீரும் சகதியும் ஹீட்டருக்குள் போகக் கூடாது, ஹீட்டர் எல்லா டீசலையும் குடித்துவிட்டு எஞ்சினைப் பட்டினி போடவும் கூடாது.

எஞ்சின் ஓடும்போது மட்டும் அணைகிறது என்றால், ஹீட்டரின் குழாய் எஞ்சினின் டீசல் குழாயிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினின் பம்ப் பலசாலி, ஹீட்டரின் குழாயிலிருந்தே டீசலைப் பிடுங்கிக்கொள்ளும். என் படகுக்குப் பக்கத்தில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கட்டியிருந்த ஒருவர், இந்தக் காரணம் தெரியாமல் க்ளோ பிளக்கை இரண்டு முறை மாற்றியிருந்தார். டேங்கில் தனி உறிஞ்சுகுழாய் போட்டபின் சரியானது.

காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அணைகிறது, படகைத் திருப்பிக் கட்டினால் சரியாகிறது என்றால், புகைக்குழாயின் வாய்க்குள் காற்று நேராகப் புகுந்து சுடரை ஊதிவிடுகிறது. இந்த நாட்டில் தென்மேற்குக் காற்றே மிகுதி. நிரந்தரமான படகுத்துறையில் கட்டுபவர்கள் புகைவாய் இருக்கும் பக்கத்தை அதற்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம். கடலில் செல்லும் பாய்மரப் படகுகளில், சாய்ந்து ஓடும்போது அலைநீர் புகாதிருக்கப் புகைக்குழாயை வெளிவாயின் உட்புறத்தில் அன்னத்தின் கழுத்துப் போல மேலே வளைத்திருப்பார்கள். அந்த வளைவுக்கு அப்பால் தாழ்ந்த இடத்தில், எரிவதால் உண்டாகும் நீர் சேர்ந்து குழாயை அடைத்தாலும் இதே அறிகுறி தோன்றும்.

நேரக்கணக்கு எதுவும் புலப்படாமல் கண்டபடி அணைகிறது என்றால் டீசலையே பாருங்கள். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிக் குப்பியில் இரவு முழுக்க வைத்தால், நீர் கீழே இறங்கி நிற்கும்; நீருக்கும் டீசலுக்கும் நடுவே கறுத்த பாசி போல ஒரு படலம் இருந்தால், அது நுண்ணுயிர் வளர்ச்சி. உயிரி டீசல் கலந்த எரிபொருள் நீரை எளிதில் ஈர்ப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் படகுகளில் இது கூடுதல்.

கரும்புகை; நாளாக ஆகச் சூடு குறைகிறது

கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. காற்று உள்ளே வரும் குழாயிலும் புகை வெளியேறும் குழாயிலும் அடைப்பு உண்டா என்று பாருங்கள். கோடை முழுக்க ஓடாத ஹீட்டரின் புகைவாயில் சிலந்திக்கூடு இருந்ததை நானே எடுத்திருக்கிறேன். அடைப்பு இல்லை என்றால் உள்ளே கரி படிந்திருக்கிறது.

கரி படிவதற்குப் பெரிய காரணம், படகின் அளவுக்கு மிஞ்சிய ஹீட்டர். 30 அடிப் படகுக்கு 2 கிலோவாட் போதுமானது. பலர் 5 கிலோவாட் வாங்கி, அறை வெந்துபோகிறது என்று எப்போதும் மிகக் குறைந்த நிலையிலேயே ஓட்டுகிறார்கள். குறைந்த நிலையில் எரிகலன் போதிய சூடடையாமல் டீசல் அரைகுறையாக எரிந்து, உட்சுவரில் கரியாக அப்பிக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் மெல்லிய படிவு எரிந்துவிடும். சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாத படிவுக்கு, தனி டப்பாவிலிருந்து ஒரு லிட்டர் மண்ணெண்ணெயை முழு வேகத்தில் எரித்துப் பார்க்கலாம், அது டீசலைவிடச் சுத்தமாக எரியும். பெட்ரோலை எக்காரணம் கொண்டும் அருகில்கூடக் கொண்டுவரக் கூடாது.

இரண்டும் பலிக்காவிட்டால்தான் பெட்டியைக் கழற்ற வேண்டும். எரிகலனைப் பிரித்துக் கரியைச் சுரண்டும் வேலை கடினமானதன்று. ஆனால் திரும்பப் பூட்டும்போது பழைய கேஸ்கட்டைப் போடுவது மன்னிக்க முடியாத சிக்கனம். எரியும் புகையையும் நீங்கள் சுவாசிக்கப்போகும் சூடான காற்றையும் பிரித்து வைப்பது அந்தக் கேஸ்கட்டும் ஓர் அலுமினிய வார்ப்பும் மட்டுமே. கேஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் முதல் திருகாணியைக் கழற்ற வேண்டும்.

சூடு மிகுந்துவிட்டதாகக் காட்டி நிற்கிறது

சூடான காற்று வெளியேற வழியில்லை. துணிமூட்டையோ ஷூவோ வாயை அடைத்திருக்கும், அல்லது காற்றுக்குழாய் எங்கோ நசுங்கியிருக்கும். மூடித்திறக்கும் வகை வாய்கள் பொருத்தியிருந்தால், அவற்றில் ஒன்றையாவது மூடவே முடியாத வகையாக வைக்க வேண்டும். ஹீட்டர் ஒரு மூடிய அலமாரிக்குள் இருந்து, தான் சூடாக்கிய காற்றையே மறுபடி இழுத்துக்கொண்டாலும் இப்படி நிற்கும்.

அறைக்குள் வாடை

டீசல் வாடை என்றால் குழாய் இணைப்பு கசிகிறது. ஒரு வெள்ளைத் துணியால் ஒவ்வோர் இணைப்பாகத் துடைத்துப் பார்த்தால் சிவப்புக் கறை காட்டிக்கொடுத்துவிடும், இங்கே படகுகளுக்கு விற்கும் டீசலில் சிவப்புச் சாயம் உண்டு. புகை வாடை என்றால் சோதனையெல்லாம் பிறகு: ஹீட்டரை முறைப்படி நிறுத்துங்கள், கதவுகளைத் திறங்கள், வெளியே போங்கள். தலைவலி, குமட்டல், காரணமற்ற அசதி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவ உதவி நாடுங்கள். பிறகு ஆற அமர, எஞ்சின் அறைக்குள் செல்லும் புகைக்குழாய் முழுவதையும் உறையை அவிழ்த்துப் பாருங்கள். கறுத்த தடம் இருக்கும் இடத்தில் கசிவு இருக்கும். லாரிக்கென்று செய்த சைலன்சரில் நீர் வடிய ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். லாரியின் அடியில் அது வெட்டவெளி. படகில் அதே துளை எஞ்சின் அறைக்குள் புகையை விடும். அந்த வகை சைலன்சரைக் கண்டால், வாயுக்கசிவற்ற படகு வகையை வாங்கி மாற்றும்வரை ஹீட்டரைப் போடாதீர்கள்.

சத்தம்

பம்பின் டிக் டிக் ஒலி பழுதன்று. அது படகின் எஃகுச் சுவரில் நேராகத் திருகப்பட்டிருந்தால் படுக்கை வரைக்கும் கேட்கும். ரப்பர் பிடிப்பில் தொங்கவிட்டால் பாதி அடங்கிவிடும். ஃபேன் சுழலும்போது கீச்சென்று தொடங்கிச் சூடேறியதும் மறையும் சத்தம், பேரிங் தேய்வதன் ஆரம்பம். அதை எண்ணெய் விட்டு அடக்கப் பார்த்தேன், நான்கு நாள் அடங்கியது. ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு ஊளையிட்டது. ஃபேனையும் மோட்டாரையும் சேர்த்து ஒரே பாகமாகத்தான் விற்கிறார்கள், மாற்றுவதற்கு ஒரு மணி நேரம் போதும். பெட்டியைத் திறக்க நேர்வதால், புதிய கேஸ்கட்டையும் அதோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.